தவ்வுகிற இடம்

பிளேயரின் டிரே வெளியே வந்தபோது டிஸ்க்கின் மேல் ஆவி படிந்திருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியில் யாரோ வாயைக் கிட்டத்தில் வைத்து ஊதியது போல, நடுத் துளைக்குச் சற்று இடப்புறமாக, ஒரு எலுமிச்சம்பழ அகலத்துக்கு வட்டமாக இருந்தது. தேவராஜ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓரங்களிலிருந்து சுருங்கி, மையத்தில் ஒரு புள்ளியாக நின்று, பிறகு அதுவும் போய்விட்டது.

முப்பது வருடமாக டிஸ்க் பிளேயர்களைப் பிரித்து மாட்டுகிறவனுக்கு ஈரம் ஒன்றும் புதிதல்ல. கார்த்திகை மாதத்துக் கொல்லிமலையில் தீப்பெட்டியே நமத்துப் போகும், லென்ஸ் எம்மாத்திரம். ஆனால் ஈரம் படிந்தால் டிஸ்க் முழுவதும்தான் படியும். ஓரிடத்தில் மட்டும், அதுவும் பன்னிரண்டு நாளாக மூடிக் கிடந்த மிஷினுக்குள், இப்படிப் படிந்து அவன் பார்த்ததில்லை. கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விதான். தொழில்காரன் மனசு விடைக்குக் காத்திருக்காமல் ஸ்குரூ டிரைவரைத் தேடியது.

"ஏனுங்க தம்பி, ஏதாச்சும் தெரியுதுங்களா?" என்று நாகலட்சுமி அம்மாள் வாசற்படியில் நின்றபடியே கேட்டார். அந்த அறைக்குள் அவர் கால் வைக்கவில்லை.

அவனுடைய இடப்பக்கத்திலிருந்து கேட்டதால் தேவராஜுக்கு அது காதில் விழவில்லை. இரண்டாம் முறை கேட்டபோதுதான் திரும்பினான். "இப்பத்தானுங்கம்மா தொறந்திருக்கறேன். ஈரமாட்டந் தெரியுது. பாக்கலாமுங்க."

இடது காது போய் ஆறு வருடமாகிறது. வீட்டுக்காரியைத் தவிர யாருக்கும் தெரியாது. செவிட்டுக் காதை வைத்துக்கொண்டு லட்ச ரூபாய் மிஷினுக்கு ராகம் பார்க்கிறான் என்று ஊர் சிரிக்குமே என்று வெளியில் சொல்வதில்லை. ஒற்றைக் காதால் வேலை ஓடத்தான் செய்தது. ஒரே ஒரு சங்கடம்: சத்தம் கேட்கும், எந்தத் திசையிலிருந்து என்று மட்டும் தெரியாது. ரோட்டில் ஹாரன் அடித்தால் முன்னாலா பின்னாலா என்று விளங்காமல் நடுரோட்டில் நிற்பான்.

வீடு மலைமேல் அரியூர் நாடு என்ற ஊரின் ஓரத்தில், பள்ளத்து வயலைப் பார்த்தபடி தனியாக இருந்தது. கட்டியவர் அர்த்தநாரி, நாகலட்சுமி அம்மாளின் கணவர். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். காலமெல்லாம் தகரத்தில் சுத்தியல் விழும் சத்தத்தில் சம்பாதித்துவிட்டு, மிச்ச நாட்களை நல்ல சத்தமாகக் கேட்டுக் கழிக்க வேண்டும் என்று மலையேறி வந்தார். பாட்டுக் கேட்பதற்கென்றே இரட்டைச் சுவர் வைத்த அறை, அரை அடி கனத்தில் கதவு, கருங்கல் பலகையின் மேல் ஜப்பானிலிருந்து வந்த இந்தப் பிளேயர். பாட்டு சலித்த பிறகு மலைச் சத்தத்தையே பிடிக்க ஆரம்பித்தார். வராண்டாவில் மைக்கை வைத்துவிட்டு, மழை சொட்டுவதையும் தவளை கத்துவதையும் பதிந்து, டிஸ்க்கில் ஏற்றி, இந்த அறையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்பார்.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால் அவர் தேவராஜுக்கு போனில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். 'புது டிஸ்க் ஒரு எடத்துல தவ்வுது. திரும்பத் திரும்ப அதே வருது. சீக்கிரம் வந்து பாரப்பா.' ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று இவன் பதில் போட்டான். ஞாயிறன்று மழை பிடித்துக்கொண்டது, மலையேறச் சோம்பல். அதற்கு அவசியமும் இருக்கவில்லை. செய்தி அனுப்பிய அன்று பொழுது சாயும் நேரத்திலேயே அர்த்தநாரி வீட்டை விட்டு இறங்கிப் போயிருந்தார். செருப்பு படியில் கிடந்தது. போன் மேசையில் இருந்தது. பாதி குடித்த காபி டம்ளர் இந்த அறை நாற்காலியின் கையில் அப்படியே இருந்தது. நாமக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாகலட்சுமி மறுநாள் வந்து பார்த்தபோது முன்கதவு திறந்து கிடந்ததாம். இந்த அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்ததாம். போலீஸும் ஊர்க்காரர்களும் பள்ளம் பள்ளமாகத் தேடிக் களைத்துவிட்டார்கள்.

மேல் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, தேவராஜ் மேசை விளக்கை இழுத்துக் குண்டு பல்பின் சூடு லென்ஸின் மேல் விழும்படி சாய்த்தான். ஈரம் காய ஒரு மணி நேரமாவது வேண்டும். அதுவரை செய்ய ஒன்றுமில்லை. மணி இரண்டுதான் ஆகியிருந்தது, ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே மஞ்சு இறங்கி, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் அடியில் மட்டும் தெரிந்தன. பச்சை மிளகும் நனைந்த மண்ணும் கலந்த வாசனை அறைக்குள் வந்து, சூடேறும் பல்பின் வாசனையோடு சேர்ந்தது.

"அம்மா," என்று கீழே காட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கூப்பிட்டது.

நாகலட்சுமி அம்மாள் பேசவில்லை. உதடு மட்டும் லேசாக அசைந்தது.

"அம்மா."

மறுபடியும் உதடு அசைந்தது.

"அம்மா," என்று மூன்றாவது தடவை வந்த பிறகுதான் அவர், "என்ன பொன்னாயி, வாரேன் இரு," என்று குரல் கொடுத்தார்.

தேவராஜுக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவன் அம்மாவும் ராசிபுரத்தில் அப்படித்தான் வளர்த்தாள். மறைவில் இருந்து யார் கூப்பிட்டாலும் ஒன்றுக்கும் இரண்டுக்கும் ஏன் என்று குரல் கொடுக்காதே. மனுசனில்லாத மற்றது எதுவும் இரண்டுக்கு மேல் கூப்பிடாது. மூன்றாவது தடவை கூப்பிட்டால் மனுசன். மலைமேலும் அதே கணக்குதான். இங்கே ஒருவரை ஒருவர் கூப்பிடுவதே மூன்று மூன்றாகத்தான். வெளியூர்க்காரன் கேட்டால் இவர்களுக்கெல்லாம் காது மந்தமோ என்று நினைப்பான்.

பொன்னாயி அந்த வீட்டு மிளகுக் காட்டைப் பார்த்துக்கொள்கிற மலைக்காரப் பெண். மிளகு கட்டக் காலிச் சாக்குக் கேட்டுவிட்டுப் போனாள். நாகலட்சுமி திரும்பி வந்து அதே வாசற்படியில் உட்கார்ந்தார்.

"பொழுது சாயக் கூப்புடறாருங்க தம்பி," என்றார் திடீரென்று.

"ஆருங்கம்மா?"

"அவுருதான். நாகுன்னு. அவுரு ஒருத்தருதான் என்னய அப்படிக் கூப்புடுவாரு. அந்த மரத்துக்கு அக்கட்ட இருந்து வருது. ஒருக்கா கூப்புடறாரு. சித்த நேரங் கழிச்சு இன்னொருக்கா. அத்தோட நின்னுருதுங்க."

தேவராஜ் விளக்கைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான். நகர்த்த வேண்டிய அவசியம் இல்லை.

"தெனமும் படியில வந்து நிக்கறேன். மூணாவது தடவ கூப்புட்டாருன்னா எறங்கிப் போயிருவேன். அது மட்டும் வரவே மாட்டேங்குது."

"அதெல்லாம் மனசுதானுங்கம்மா," என்றான். அவனுக்கே அது சப்பென்றிருந்தது.

"இருக்குமுங்க. எனக்கு அந்த டிஸ்க்குல என்ன இருக்குதுன்னு தெரிஞ்சாப் போதும். அன்னிக்கு ஆரு வந்தாங்க, எந்தப் பக்கம் போனாரு. நல்லதோ கெட்டதோ தாங்கிக்குவேன். தெரியாம இருக்கறதுதான் முடியிலீங்க."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். செய்தி வந்த அன்றே பஸ் ஏறியிருந்தால் அந்த நாற்காலியில் இன்று அர்த்தநாரி உட்கார்ந்திருப்பார் என்ற நினைப்பு நெஞ்சில் முள்ளாக நின்றது. எப்படியாவது இந்த டிஸ்க்கைப் படிக்க வைத்துக் கொடுத்துவிட வேண்டும். அந்த அம்மாளுக்கு அவனால் ஆகக்கூடியது அது ஒன்றுதான்.

சூடு போதும் என்று பட்டபோது வேலையைத் தொடங்கினான். இந்த மாதிரி மிஷின் டிஸ்க்கைப் படிக்குமுன் ஒரு சின்னக் காரியம் செய்யும். உள்ளே இருக்கும் லென்ஸ் மேலே எழும்பி, மேலே டிஸ்க் இருக்கிறதா என்று பார்த்து, கீழே இறங்கும். அப்படி மூன்று முறை. மூன்றிலும் எதுவும் சிக்காவிட்டால் முகப்பில் 'நோ டிஸ்க்' என்று போட்டுவிட்டு ஓய்ந்துவிடும். தேவராஜ் டிஸ்க்கை உள்ளே தள்ளி, வலது காதை மிஷினோடு ஒட்டி வைத்துக் கேட்டான். சிக். சிக். சிக். நோ டிஸ்க். லேசர் சாகவில்லை, தேடுகிறது. பார்வைதான் மங்கியிருக்கிறது.

பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, கண்ணில் தூசி எடுப்பது போல லென்ஸைத் துடைத்தான். லென்ஸ் நகர்ந்து போகிற ரெயிலில் கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது கிரீஸை ஒரு கடுகளவு தடவினான். டிஸ்க்கை மேலிருந்து பிடிக்கும் காந்தத்தைச் சுற்றிப் பார்த்தான், நன்றாக இருந்தது. பிறகு பையிலிருந்து தன்னுடைய சோதனை டிஸ்க்கை எடுத்துப் போட்டான். பதினெட்டுப் பாட்டு உள்ள டிஸ்க் அது. எந்த மிஷினுக்கும் முதலில் அதைத்தான் போடுவான், அதன் ஒவ்வொரு நொடியும் அவனுக்குப் பாடம். சிக். ஒரே தேடலில் பிடித்துக்கொண்டது. பதினெட்டு என்று முகப்பில் வந்ததும், இத்தனை வருடத்துக்குப் பிறகும், அவனுக்குச் சின்னதாக ஒரு சந்தோசம் வந்தது.

அடுத்து அர்த்தநாரியின் டிஸ்க். அதையும் படித்தது. பாட்டு ஒன்று, நேரம் நாற்பத்தொரு நிமிடம் ஏழு நொடி.

ஓட விடுமுன் ஒரு தரம் துடைத்துவிடலாம் என்று வெளியே எடுத்தான். ஆவி படிந்திருந்தது. அதே இடத்தில், அதே வட்டம். விளக்குச் சூட்டில் மிஷினின் உட்புறம் கை வைக்க முடியாதபடி கொதித்துக்கொண்டிருந்தது. டிஸ்க் மட்டும் கிணற்றுக்குள் கிடந்து வந்தது போலச் சில்லென்றிருந்தது. துடைத்து மறுபடியும் போட்டான். பாட்டு ஒன்று. நாற்பத்தொரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி.

பதிந்து முடித்த டிஸ்க் வளராது. தேவராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டான். முதலில் ஏழு என்று பார்த்தது தப்பாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அப்போது பொன்னாயி பின்வாசலில் மூச்சு வாங்க வந்து நின்றாள். "அம்மா, பள்ளத்து வயலுக்குக் கீழ ஓடையில வெள்ளையா வேட்டியாட்டம் என்னமோ கெடக்குதுன்னு சொல்றாங்க. வந்து ஒருக்கா பாருங்க."

நாகலட்சுமி அம்மாள் எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தவர் வாசலில் நின்று திரும்பினார். "நா வர்ற வரைக்கும் அதப் போடாதீங்க தம்பி. நானும் கேக்கோணும்."

"செரிங்கம்மா."

இரண்டு பெண்களும் மஞ்சுக்குள் இறங்கினார்கள். கொஞ்ச நேரம் பொன்னாயியின் கொலுசுச் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் அடங்கியது. மணி நாலு. ஜன்னலில் மரமும் இல்லை, வானமும் இல்லை, வெள்ளை மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஓட்டு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுவதும், தூரத்தில் ஒரு சேவல் நேரம் தெரியாமல் கூவுவதும் கேட்டன. அறைக் காற்று புழுங்கியதால் தேவராஜ் கனத்த கதவை நன்றாகத் திறந்து வைத்தான்.

சொன்ன சொல் சொல்தான். ஆனால் அந்த டிஸ்க்கில் ஒரு அலறல் இருந்தால்? யாராவது வந்து அடித்துப் போட்டிருந்தால்? அந்த அம்மாள் அதை முதன்முதலாக இந்த அறையில், இந்த ஸ்பீக்கரில், காதோரம் நடப்பது போலக் கேட்க வேண்டுமா? தான் ஒரு தரம் கேட்டுவிட்டால், வெட்ட வேண்டியதை வெட்டி, சொல்ல வேண்டியதை மெல்லச் சொல்லலாம். இப்படியெல்லாம் நியாயம் பேசிக்கொண்டு அவன் பட்டனை அழுத்தினான். மிஷினை ஓட்டிப் பார்க்காமல் கொடுத்துப் பழக்கமில்லாத கை அது.

வராண்டா அப்படியே அறைக்குள் வந்து உட்கார்ந்தது. மழை விட்ட பிறகு இலையிலிருந்து இலைக்கு நீர் சொட்டுவதும், ஒரு வண்டு தூணில் மோதி விழுவதும், மூங்கில் நாற்காலி கிறீச்சிடுவதும், அர்த்தநாரி காபியை உறிஞ்சித் தொண்டையைக் கனைப்பதும் கை நீட்டினால் தொடலாம் போலக் கேட்டன. நல்ல மிஷின். தேவராஜ் வேகமாக ஓட்டி, நிறுத்தி, கேட்டு, மறுபடியும் ஓட்டினான். தவ்வுகிற இடம் ஒன்று எங்கேயோ இருக்க வேண்டும்.

முப்பத்தெட்டாவது நிமிடத்தில் வண்டுகள் ஒரே நேரத்தில் ஓய்ந்தன.

"ஏனுங்க."

நாகலட்சுமி அம்மாளின் குரல். தூரத்திலிருந்து, மரங்களுக்கு அப்பாலிருந்து.

நாற்காலி கிறீச்சிட்டது. அர்த்தநாரி பதில் சொல்லவில்லை.

"ஏனுங்க."

இப்போது கொஞ்சம் கிட்டத்தில். மைக்குக்கு மிக அருகில் அர்த்தநாரி தனக்குத்தானே முணுமுணுத்தார்: "நாகு நாமக்கல்லுல இருக்கறா. இப்பத்தான போன்ல பேசுனா." குரலில் பயத்தை விடச் சிரிப்புதான் அதிகம் இருந்தது. ஊருக்கே தெரிந்த கணக்கு அவருக்கும் தெரியும். காத்திருந்தார். தேவராஜும் அவரோடு சேர்ந்து காத்திருந்தான். மூன்றாவது கூப்பாடு வரவில்லை. இலை சொட்டியது.

அந்த இடத்தில் டிஸ்க் தவ்வியது. முகப்பில் நொடிகள் இரண்டாவது கூப்பாடு வரைக்கும் பின்னால் போயின.

"ஏனுங்க."

மறுபடியும் அதே இடத்துக்குப் பின்னால்.

"ஏனுங்க."

தேவராஜ் நிறுத்தினான். விரல் பட்டனில் இருந்து எழும்பவில்லை. அர்த்தநாரி செய்தி அனுப்பியது இதைப் பற்றித்தான். இந்த நாற்காலியில், இந்தக் கதவைச் சாத்திக்கொண்டு, டம்ளரும் கையுமாக, அவர் மூன்றாவது கூப்பாட்டைக் கேட்டார். பெண்டாட்டியின் குரல். மூன்று தடவை. நாற்பது வருடப் பழக்கத்தில் வாய் தன்னாலே வாரேன் என்று சொல்லியிருக்கும். அதால் இரண்டு தடவைதான் கூப்பிட முடியும். மூன்றாவதை மிஷின் கூப்பிட்டுக் கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை வாரேன் என்று இவன் போட்ட பதிலை அவர் பார்த்திருப்பாரா என்பது கூடத் தெரியவில்லை. அவனுக்கு அழுகை வந்தது.

இதை அந்த அம்மாள் கேட்கக் கூடாது. டிஸ்க்கை வெளியே எடுத்தான். ஆவி வட்டம் இருந்தது. இந்தத் தடவை அது சுருங்கவில்லை. துணியில் சுற்றிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான். டிஸ்க் கெட்டுப் போச்சுங்கம்மா, ஒண்ணும் தேறலை என்று சொல்லிவிடலாம். மலைப்பாதையின் எழுபது வளைவில் ஏதாவது ஒன்றில் பஸ் ஜன்னல் வழியாக விட்டெறிந்துவிட்டால் தீர்ந்தது. முடிவு செய்ததும் மூச்சு சீரானது. திறந்திருந்த டிரேயில் தூசி விழுமே என்று, முப்பது வருடக் கைப்பழக்கத்தில், வெறும் டிரேயை உள்ளே தள்ளி மூடினான். பிறகு மிஷினுக்கு இடப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து ஸ்குரூக்களைப் பொறுக்கினான்.

"தேவராஜு தம்பி."

கை நின்றது.

நாகலட்சுமி அம்மாள்தான். வந்துவிட்டாரா? எங்கிருந்து கூப்பிட்டார்? வாசலா, பின்கட்டா, காடா? ஒற்றைக் காது. எல்லாப் பக்கமும் ஒன்று போலத்தான் கேட்டது.

அவன் வாயைத் திறக்கவில்லை. ராசிபுரத்து வீட்டில் அம்மா வாயில் விரல் வைத்துக் காட்டுவது நினைவுக்கு வந்தது. ஒன்று.

திறந்த கதவுக்கு அப்பால் வராண்டா இல்லை. வெள்ளை. சொட்டுச் சத்தம் நின்றிருந்தது. வண்டுச் சத்தமும் இல்லை.

"தேவராஜு தம்பி."

இரண்டு.

உள்ளங்கையில் இருந்த ஸ்குரூக்கள் வேர்வையில் வழுக்கின. ஒன்று கீழே விழுந்து உருண்டது. டிஸ்க் பைக்குள் இருக்கிறது. ஜிப் போட்டிருக்கிறது. மிஷினில் ஒன்றுமில்லை. இனி வந்தால் மனுசன். வராவிட்டால் மற்றது. வர வேண்டும். மாரியாத்தா, வரட்டும். அந்த அம்மாளாக இருக்கட்டும். சேற்றுக் காலோடு வந்து நின்று, காபி வெக்கட்டுங்களா என்று கேட்கட்டும். அவன் எண்ணினான். பத்து. இருபது. வரவில்லை. முப்பது. மூச்சு விடவில்லை.

"தேவராஜு தம்பி."

மூன்று.

உடம்பெல்லாம் தளர்ந்து போனது. சிரிப்பே வந்துவிட்டது.

"வாரேனுங்கம்மா," என்றான்.

சொல்லிக்கொண்டே எழுந்து திரும்பினான். வலது காது மிஷின் பக்கம் வந்தது. உள்ளே மோட்டார் சுழலும் சத்தம். மெல்லிய, சீரான, அவனே கிரீஸ் போட்ட சத்தம். முகப்பில் எழுத்து எரிந்தது. பாட்டு ஒன்று. ஐந்து நொடி. ஆறு. ஏழு.

டிரே காலி. அவன்தான் மூடினான்.

கால்கள் நடந்தன. அவன் நடக்கவில்லை. கதவைத் தாண்டி, வராண்டாவைத் தாண்டி, படியில் இறங்கின. செருப்பு அங்கேயே கிடந்தது, அர்த்தநாரியின் ஜோடிக்குப் பக்கத்தில். புல் நனைந்திருப்பது தெரிந்தது. குளிர் தெரியவில்லை.

முதல் சில்வர் ஓக் மரத்துக்கு அப்பால் அர்த்தநாரி நின்றிருந்தார். பனியனும் வேட்டியுமாக, வெறுங்காலோடு. கண் திறந்திருந்தது, அது எதையும் பார்க்கவில்லை. வாய் திறந்திருந்தது, மூட மறந்தது போல. அந்த வாயிலிருந்து நாகலட்சுமி அம்மாளின் குரல், அன்பாக, மெதுவாக, "வாங்க தம்பி," என்றது. உதடு அசையவில்லை.

அவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. தேவராஜ் அங்கே போய் நின்று வீட்டைப் பார்த்துத் திரும்பினான்.

இடது காது திறந்துகொண்டது. ஆறு வருடத்துக்குப் பிறகு. எல்லாம் கேட்டது. மண்ணுக்குள் நீர் இறங்குவது கேட்டது. பின்னால் மரங்களுக்கிடையே வேறு பல பேர் மூச்சு விடாமல் நிற்பதும் கேட்டது. பள்ளத்துப் பாதையில் ஒரு ஜோடிக் கால் ஏறி வருவது கேட்டது. பொன்னாயி அவள் வீட்டுப் பக்கம் பிரிந்து போயிருந்தாள். வருவது ஒருத்திதான்.

நாகலட்சுமி அம்மாள் மஞ்சுக்குள்ளிருந்து வெளிப்பட்டார். முழங்கால் வரை சேறு. கையில் ஓடையில் கிடந்த வெள்ளைப் பொருள், கிழிந்த உரச்சாக்கு. அதை ஏன் சுமந்து வருகிறோம் என்று தெரியாதவர் போலப் பிடித்திருந்தார். படியருகே வந்து மூச்சு வாங்கினார்.

ஓடுங்கம்மா என்று தேவராஜ் கத்தினான். அவன் வாய் திறந்தது.

"நாகு."

அர்த்தநாரியின் குரல். அவன் தொண்டையிலிருந்து.

அந்த அம்மாள் சிலையாக நின்றார். சாக்கு நழுவிக் கீழே விழுந்தது. உதடு லேசாக அசைந்தது. ஒன்று.

கூடாது. பல்லைக் கடிக்கப் பார்த்தான். பல் அவனுடையதாக இல்லை.

"நாகு."

உதடு அசைந்தது. இரண்டு.

அத்தோடு குரல் நின்றது. தொண்டை வறண்டு, காற்றுகூட வரவில்லை. வராது. இதற்கு மேல் வராது. இதால் முடியாது. தேவராஜுக்குள் எங்கோ ஒரு மூலையில் மிச்சமிருந்தவன் சாமியைக் கும்பிட்டான். போங்கம்மா. உள்ளே போய்க் கதவைச் சாத்துங்க.

கதவு. அவன் சாத்தாமல் வந்திருந்தான்.

விளக்கு எரியும் அந்த அறைக்குள்ளிருந்து, கருங்கல் பலகையின் மேலிருந்து, சுத்தமாகத் துடைத்து வைத்த மிஷின் மூன்றாவது கூப்பாட்டைத் தேடத் தொடங்குவது கேட்டது. சிக்.

நாகலட்சுமி அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மரங்களைப் பார்த்தபடி, வாரேன் என்று சொல்வதற்கு உதட்டைத் தயாராகப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

சிக்.

உள்ளே லென்ஸ் மூன்றாவது முறையாக மேலே எழும்பியது.